திங்கள்

பெயர் கொஜோ.
திங்கட்கிழமை பிறந்த பெடியனுக்கு அப்படித்தான் வைப்பார்களாம்,
மொழிபெயர்க்க வந்த பெனின்காரர் சொன்னார்.
பகலில் அவர் பஸ் ஓட்டுகிறவர்.
அப்படியென்றால் எங்கள் மொழியில் நீ நிலா, என்றேன்.
என் ஓட்டைப் பிரெஞ்சில் இருந்து அவர் வாய்க்குப் போய்
அவனிடம் அது சேர்வதற்குள்
அவன் குந்திவிட்டான்.

ஐந்தடி நடப்பான், குந்துவான்.
லிஃப்ட் வாசலில். எக்ஸ்ரே அறை வாசலில்.
நான் அப்போதுதான் துடைத்த ஈரத் தரையில்.
முழங்காலை மடித்தால்
ரத்தம் நுரையீரல் பக்கம் கொஞ்சம் தள்ளுமாம்,
நெஞ்சில் பிழையோடு பிறந்த பிள்ளைகள்
தாங்களாகவே கண்டுபிடிக்கிற வைத்தியமாம்.
ஆறு வயது.
உதடு நாவற்பழம் தின்றது போல.
நகங்களும்.

லொசான் மேட்டில் கட்டிய ஊர்.
பாண் வாங்கப் போனாலும் படி.
மூச்சில்லாத பிள்ளையைக் கொண்டுவர
வேறு ஊரே கிடைக்கவில்லையா என்று
முதல் நாள் வாளியோடு நின்று நினைத்தேன்.

அவனுக்கு விசா தொண்ணூறு நாள்.
எனக்கு இந்த நாடு பதினொரு வருடம் எஃப் அட்டை தந்து
போ என்றும் சொல்லாமல்
இரு என்றும் சொல்லாமல் வைத்திருந்தது.
இவனுக்கு எல்லாம் தெளிவு,
வெட்டுகிற நாள், தையல் பிரிக்கிற நாள், போகிற நாள்.
கோப்பின் மேல் பென்சிலால் ஏழு என்று போட்டிருந்தது.
அந்த முறை ஏழு பிள்ளைகளுக்குத்தான் காசு சேர்ந்ததாம்.
எட்டாவது பெயர்
கீழே கிடந்த தாளில் இருந்தது.
நான் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு
மேசையைத் துடைத்தேன்.

வெட்டிய அன்று என் வேலை இரண்டு மணிக்கே முடிந்தது.
வீட்டுக்குப் போகவில்லை.
ஒரே கண்ணாடிக் கதவை நாலு தரம் துடைத்தேன்.
ஐந்தாம் தரம் துடைக்கையில்
உள்ளிருந்து வந்த நர்ஸ் என் தோளைத் தொட்டாள்.
முகமூடிக்கு மேலே கண் சிரித்தது.

அவனுக்குத் தாய் இருக்கிறாள்,
அபோமேச் சந்தையில் மிளகாய் விற்கிறவள்.
பிள்ளையை அனுப்பும் கடதாசியில்
‘எது நடந்தாலும்’ என்ற வரிக்கு நேரே
அவள் பெருவிரல்.

ஒன்பதாம் நாள் வீடியோவில் வந்தாள்.
ஏதோ கேட்டாள். கோபம் மாதிரி இருந்தது.
பஸ்காரர் உடனே சொல்லவில்லை,
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
பிள்ளையின் நகத்துக்கு ஏன் சாயம் பூசினீர்கள் என்று கேட்கிறா.
மற்றக் கையையும் காட்டட்டுமாம்.
அவன் பத்து விரலையும் கமராவுக்குக் கிட்டப் பிடித்தான்.
அங்கே அவள்
பெருவிரலை நாக்கில் தொட்டுத்
திரையைத் தேய்த்தாள்.
சாயமென்றால் போகவேண்டுமே.
திரும்பவும் தேய்த்தாள்.
பிறகு போன் கீழே விழுந்து
கொஞ்ச நேரம் சந்தையின் தகரக்கூரை மட்டும் தெரிந்தது.

கடைசி ஞாயிறு.
கையெழுத்துப் போட்டு வெளியே கூட்டிப்போனேன்.
தேவாலயத்துக்கு ஏறுகிற மரப்படிகள்.
ஒண்டு, ரெண்டு, மூண்டு, எண்ணிக்கொண்டே ஏறினான்.
பத்து வரைதான் சொல்லிக் கொடுத்திருந்தேன்,
அதனால் பத்துக்குப் பிறகு திரும்பவும் ஒண்டு.
ஆறாவது பத்தில்
குந்தினான்.

எனக்குக் கைகால் விட்டுப்போனது.

சப்பாத்து லேஸ் அவிழ்ந்திருந்தது.
கட்டிக்கொண்டு ஓடினான்.
நான்தான் அந்தப் படியில் குந்தியிருந்தேன்,
இறங்கி வந்த ஒரு கிழவர்
தண்ணீர் வேண்டுமா என்று கேட்கும்வரை.

செவ்வாய்க்கிழமை கொண்டுபோனார்கள்.
அந்தக் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டாகிவிட்டது.
இந்நேரம் சந்தையில்
யாருக்கும் விளங்காத மொழியில்
மிளகாய் எண்ணிக்கொண்டிருப்பான்,
பத்துக்குப் பிறகு திரும்பவும் ஒண்டு.
பதினொன்றைச் சொல்லிக் கொடுக்க
நேரம் இருந்தது.
ஏனோ விட்டுவிட்டேன்.